விட்டுப்போன ஒரு 'டி'... நாலரை வருடம் யாரும் கவனிக்கவில்லை!

ஏ.டி.எம் கார்டின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் இணைய அமைப்பில் 2020 ஜூன் 30 முதல் 2025 ஜனவரி 14 வரை ஓர் எழுத்துப்பிழை இருந்தது. உலகம் முழுக்கப் பணம் புழங்கும் நிறுவனம். ஆனாலும் நாலரை வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. சொந்தக் கடைக்கு வெப்சைட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

வழி சொல்லும் சர்வர்கள்

மொபைலில் 'அம்மா' என்று தட்டினால் போதும், நம்பரை போனே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் இதே வேலையைச் செய்வது டி.என்.எஸ். 1983-ல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு. ஒரு வெப்சைட்டின் பெயரை டைப் செய்ததும், அது எந்த எண்ணுள்ள கணினியில் இருக்கிறது என்று சொல்வது அந்தப் பெயருக்கென்று நியமிக்கப்பட்ட 'நேம் சர்வர்'களின் பொறுப்பு. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும் என்பதற்காக, குறைந்தது இரண்டு வைக்க வேண்டும் என்பது விதி. மாஸ்டர்கார்டு வைத்திருந்தது ஐந்து.

கல்யாணத்துக்கு வருபவர்களுக்கு வழி சொல்ல பஸ் ஸ்டாண்டில் ஐந்து பேரை நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐவரும் ஒரே மண்டபத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் வேறு மண்டபத்தைக் கைகாட்டினால், அவரிடம் கேட்டவர்கள் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வருவார்கள். மற்றவர்கள் சரியாக வந்துவிடுவதால், வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரியாது.

மறைத்ததே நல்ல குணம்தான்

மாஸ்டர்கார்டின் ஐந்து சர்வர்களும் அகமாய் என்ற நிறுவனத்துடையவை. அவற்றின் பெயர் 'டாட் நெட்' என்று முடிய வேண்டும். ஒன்றில் மட்டும் கடைசி ஆங்கில எழுத்தான 'டி' விட்டுப்போய், 'டாட் என்.இ' என்று பதிவாகிவிட்டது. அது ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டின் இணையக் குறியீடு!

பிறகு எப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது? ஒரு சர்வர் பதில் சொல்லாவிட்டால், கேட்கும் கணினி அடுத்ததிடம் போய்விடும். டி.என்.எஸ்-ஸின் இந்த நல்ல குணமே பிழையை மூடி மறைத்தது.

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்த பாதுகாப்பு ஆய்வாளர் பிலிப் கட்டுரெக்லி பார்த்தபோது, அந்த நைஜர் பெயர் யாரிடமும் இல்லை. 300 டாலர் செலவழித்து, கிட்டத்தட்ட மூன்று மாதம் காத்திருந்து அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். சர்வரை இயக்கியதும், தினமும் லட்சக்கணக்கில் கேள்விகள் வந்து குவிந்தன. கெட்ட எண்ணம் கொண்டவர் கையில் சிக்கியிருந்தால், வழிதேடி வருபவர்களைப் போலிப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கலாம்; மெயில்களைத் திசைதிருப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் பெயரை மாஸ்டர்கார்டிடமே ஒப்படைக்க முன்வந்தார். தங்கள் அமைப்புக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை என்று சொன்ன நிறுவனம், பிழையைத் திருத்திவிட்டது.

உங்கள் கடைக்கும் நடக்கலாம்

புடவைக் கடை, டியூஷன் சென்டர், கேட்டரிங் என்று சிறிய தொழில் செய்பவர்களுக்கு இது வேறு ரூபத்தில் வரும். வெப்சைட்டை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். நேம் சர்வர் பட்டியலில் புதியதைச் சேர்த்துவிட்டு, பழையதில் ஒன்றை எடுக்க மறந்துவிடுவார்கள். இப்போது ஒரே பெயருக்கு இரண்டு 'அதிகாரபூர்வ' பதில்கள்!

ஒரு வாடிக்கையாளருக்குப் புது விலைப்பட்டியல், இன்னொருவருக்குப் போன வருட விலை. "எனக்கு நல்லாத்தானே ஓபன் ஆகுது" என்பார் கடைக்காரர். அதைவிட மோசம் மெயில். சில ஆர்டர்கள் யாரும் திறக்காத பழைய இன்பாக்ஸில் போய் விழும். வராத ஆர்டரைப் பற்றி யார் புகார் செய்வார்கள்?

கவனிக்க வேண்டியவை

* டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்கில் ஒரு நேம் சர்வர் பட்டியல் இருக்கும். ஹோஸ்டிங் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

* பட்டியலில் உள்ள ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இதற்கு இலவச டி.என்.எஸ் சோதனைத் தளங்கள் உண்டு. எல்லாமே ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

* மாற்றிய உடனே பழைய ஹோஸ்டிங்கை நிறுத்திவிடாதீர்கள். 'டாட் காம்' பெயர்களின் நேம் சர்வர் விவரத்தை மற்ற கணினிகள் இரண்டு நாள் வரை நினைவில் வைத்திருக்கக்கூடும். ஒரு வாரம் இரண்டும் ஓடட்டும்.

* அந்த வாரம் முடிந்ததும் பழைய மெயில் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். யாராவது பதிலுக்குக் காத்திருக்கலாம்.

* டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு வெப்சைட் செய்துகொடுத்தவரிடம் மட்டும் இருந்தால், இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இதில் எதையும் திருத்த முடியாது.