தலைமடையும் கடைமடையும் இடம் மாறட்டும்!

பாபநாசம் அணையில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் நிறைய இல்லை. கார் சாகுபடிக்குத் திறந்து விடலாமா? பிசானத்துக்கு வைத்திருக்கலாமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நெல்லைச் சீமையில் சச்சரவுதான். தலைமடைக்காரர் ஒன்று சொல்வார். கடைமடைக்காரர் வேறொன்று சொல்வார். கடைசியில் அதிகாரிகள் உத்தரவு போடுவார்கள்.

இதை முதலில் ஒரு விளையாட்டாக ஆடிப் பார்த்தால் என்ன?

சிரிக்காதீர்கள்! ஆந்திர மாநிலக் கிராமங்களில் விவசாயிகள் இப்படி ஆடியிருக்கிறார்கள். ஐந்து பேர் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பயிர் தண்ணீர் கொஞ்சம் குடிக்கும், வருமானமும் கொஞ்சம். இன்னொன்று நிறையக் குடிக்கும், பணமும் நிறைய. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பார்ப்பார்கள். முதலில் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பிறகு பேசலாம். ஆட்டம் முடிந்ததும் ஊரே கூடி விவாதிக்கும். விளையாடிய ஊர்கள், தண்ணீருக்குக் கணக்கேடு வைப்பதிலும் கட்டுப்பாடு செய்து கொள்வதிலும் மற்ற ஊர்களை முந்தின என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆடியதாலேயே கிணறு நிரம்பிவிடாது. அது வேறு விஷயம்.

தான்சானியா நாட்டில் கோலிக்குண்டுகளே தண்ணீர்! புரூஸ் லேங்க்ஃபர்டு என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் செய்த ஆட்டம் அது. சாய்வான பலகைதான் ஆறு. குறுக்கே வைக்கும் குச்சிகள் அணைக்கட்டுகள். குழிகள் வயல்கள். மேலே இருப்பவர் குச்சியை நீட்டி வைத்துக் கோலிகளை ஒதுக்கிக் கொண்டால், கீழே இருப்பவரின் குழி காலி.

நம் தாமிரபரணிக்கு இது எவ்வளவு பொருத்தம்! கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். பாசனம் சுமார் 86,000 ஏக்கர். குடிநீருக்கும் ஆலைகளுக்கும் வேறு தண்ணீர் வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஆற்றங்கரையே விளையாட்டுக் களமாகலாம். நாம் நிற்கும் இடத்தைச் செல்போன் அறியும். 2016-ல் வந்த 'போக்கிமான் கோ' விளையாட்டுக்காக உலகமெங்கும் சிறுவர்கள் தெருத் தெருவாக அலைந்தது அதனால்தான். அதே வித்தையில், மருதூர் அணைக்கட்டில் போய் நின்றால் செல்போன் கேட்கட்டும்: "இன்று வரும் தண்ணீர் இவ்வளவு. எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு விடுவாய்?" (பெரியவர் துணையோடு, கரையில் நின்றுதான்!)

வெள்ளத்தையும் ஆடிப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயிலே நின்றுவிட்டது. அணை நிரம்பி வரும்போது, எந்த நேரத்தில் எவ்வளவு திறப்பது? எந்த ஊருக்கு முதலில் சொல்லி அனுப்புவது?

ஆனால் கணக்கு உண்மையாக இருக்க வேண்டும். எந்தக் கால்வாயில் எவ்வளவு போகிறது என்ற விவரத்தை நீர்வளத் துறை பள்ளிகளுக்கும் விவசாயிகளுக்கும் தர வேண்டும். பொய்க் கணக்கில் ஆடினால் அது வெறும் தாயக்கட்டம்தான்.

கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், கார் பருவத்துக்கு அணை திறக்குமுன் ஒரு முறை ஆடட்டும். அம்பாசமுத்திரத்துக்காரர் கடைமடையில் உட்காரட்டும். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தலைமடையில் உட்காரட்டும். ஒரு பலகைக்கும் நூறு கோலிக்கும் என்ன பெரிய செலவு?