மண்ணின் போர்வை

தை, மாசித் திங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாப் பகுதியிலே உறைபனி விழுவதுண்டு. விடியலில் தேயிலைக் கொழுந்தின்மேல் வெண்மை படர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் அக்கொழுந்து தீய்ந்து கருகும். ஆயின், அதே செடியின் வேருக்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லை. கொழுந்து உறைந்தபோது வேர் உறையாதது எங்ஙனம்? அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

இலை தன் வெம்மையைத் திறந்த வானுக்கு இழந்துவிடுகின்றது. மண்ணோ வெப்பத்தை மெல்லவே கடத்தும். நண்பகலில் மேற்பரப்பு ஏற்கும் வெம்மை சிறுகச் சிறுகக் கீழிறங்குகின்றது. இறங்க இறங்க நலிகின்றது. ஓரடி ஆழத்தை அது எய்தும்போது பொழுது இரவாகிவிடும்; மேற்பரப்பில் நிகழும் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அங்கு எஞ்சும். இரண்டடிக்குக் கீழே பகலும் இரவும் ஒன்றே. ஆண்டுப் பருவங்களின் மாற்றமும் முப்பதடியளவில் அடங்கிவிடும். ஆழத்து மண், அவ்விடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். 6,100 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் அச்சராசரி ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். அதனினும் தாழ்ந்த ஹற்றனில் வெம்மை சற்று மிகும்.

எல்லா மண்ணும் ஒரு தன்மையன அல்ல. நீர், காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆதலின், காற்று நிறைந்த உலர்மண் பகலில் மேலே சுடும். இரவில் விரைந்து குளிரும். ஈரமண் பகலின் வெம்மையை உள்ளே வாங்கி வைத்து இரவிலே திருப்பித் தரும். மக்கு மிகுந்த கரிய மண் உலர்ந்துவிட்டால், மணலைவிட அரிதாகவே வெப்பத்தைக் கடத்தும்.

இவ்வறிவு தேயிலை மலைக்கு எவ்வாறு பயன்படும்? செடிகள் அடர்ந்து நிற்கையில் அவற்றின் தழையே நிலத்துக்குக் குடை. கவ்வாத்து வெட்டியதும் அக்குடை நீங்கி நிலம் வெயிலில் காய்கின்றது. வெட்டிய மிலாறை நிரைகளுக்கிடையே பரப்பினால் சூடு தணியும், ஈரம் நிற்கும், மழையில் மண் கரைந்தோடுவதும் குறையும். இளங்கன்றுகளுக்கு மானாப்புல்லைப் பரப்புவதும் இதன்பொருட்டே. ஆனால் இப்போர்வைக்கும் ஒரு குறையுண்டு. குளிர்காற்று தேங்கும் பள்ளங்களில் அது மண்ணின் வெம்மையை மேலெழவிடாது தடுக்கும். அதனால் உறைபனியின் கடுமை மிகுதலும் கூடும். இடமறிந்து செய்தலே அறிவுடைமை.

மற்றொன்றும் நாம் எண்ண வேண்டும். மண்ணுக்குப் போர்வையான மிலாறே லயத்து அடுப்புக்கு விறகு. குளிரில் குழந்தைக்கு வெந்நீர் வைக்கும் தாயிடம், மாற்று எரிபொருள் ஒன்றும் தராமல், 'அதனைத் தொடாதே' என்றுரைத்தல் அறமாகுமா? தடித்த கிளைகள் அடுப்புக்கும், இலையும் சிறு குச்சிகளும் மண்ணுக்குமெனப் பகிர்ந்துகொள்ளின் இரண்டும் பிழைக்கும். மண்ணைக் காப்பார் மனிதரையும் காக்க வேண்டுமன்றோ?

மாணவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இதனைச் சோதிக்கலாம். வெறுநிலத்தில் ஓரிடமும் புல் பரப்பிய நிலத்தில் ஓரிடமும் தெரிந்துகொள்க. ஈரிடத்தும் இரண்டங்குல ஆழத்திலும் ஓரடி ஆழத்திலும் வெப்பமானியை வைத்து, காலை, பிற்பகல், இரவு என மூவேளையும் அளந்து குறிக்க. ஒரு வாரத்துக் கணக்கு ஏட்டில் ஏறினால், பகல் வெயில் ஓரடி இறங்க எத்தனை மணி நேரம் கொள்கிறது என்பதை அவர்களே கூறுவர்.