மன்னார்த் தீவின் இணக்கத்தை யாரிடம், எப்படிக் கேட்பார்கள்?

மன்னார்த் தீவுக்குள் இனி மக்களின் இணக்கமின்றிப் புதிய காற்றாலைத் திட்டம் எதுவும் தொடங்கப்படாது என்று அரசாங்கம் 2025 செப்டெம்பரில் உறுதி கூறியது. ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து மன்னார் நகரில் இரவு பகலாக நடந்த தொடர் போராட்டத்தின் விளைவு அது. ஆனால் அதே அரசாங்கம், ஏற்கெனவே அனுமதி பெற்ற 14 காற்றாலைகளின் வேலையைத் தொடரவும் சொல்லிவிட்டது. செப்டெம்பர் 26 இரவு, காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களுக்குப் பொலிஸார் வழி எடுத்துக்கொடுத்தபோது அருட்தந்தையரும் பெண்களும் தாக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டார்கள். 29ஆம் திகதி மன்னார் கதவடைத்தது.

உறுதிமொழியை வரவேற்போம். ஆனால் இணக்கம் என்பதை யாரிடம் கேட்பார்கள்? எந்த வரைபடத்தை விரித்துவைத்துக் கேட்பார்கள்? ஊர் மறுத்தால் அந்த மறுப்புக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி? இந்த மூன்று கேள்விகளுக்கும் வர்த்தமானியில் அச்சாகும் பதில் வேண்டும். மேடையிலும் கூட்டத்திலும் கிடைக்கும் வாக்கை நம்பி ஏமாந்த அனுபவம் வடக்குக்குப் புதிதல்ல.

ஒரே தீவு, பல வரைபடங்கள்

தீவின் நீளம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். பரப்பு சுமார் 130 சதுர கிலோமீற்றர். தாழ்வுபாடு, தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, நடுக்குடா, துள்ளுக்குடியிருப்பு, தலைமன்னார் என்று ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நடுவே பனையும் தென்னையும். இரு கரையிலும் கடற்றொழில்.

இந்தத் தீவை ஒவ்வொரு திணைக்களமும் தனக்கு வேண்டிய விதத்தில் பார்க்கிறது. வலுத்துறைக்கு அது காற்று. மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைப் பூங்கா ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் எழுந்து 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது: தென்கரையோரம் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அடுத்து மன்னாரில் 250 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனம் வந்தது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மின் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையைப் புதிய அரசாங்கம் குறைக்கக் கேட்டதே அதன் பின்னணி; பேசாலை மக்களின் எதிர்ப்பு அந்தப் பேச்சுவார்த்தையில் இடம்பெறவே இல்லை. பிறகு உள்நாட்டு நிறுவனங்கள் 50 மெகாவாட், 20 மெகாவாட் என இரு திட்டங்களோடு வந்தன; மேலே சொன்ன 14 காற்றாலைகளும் இவற்றுக்குரியவை. 50 மெகாவாட் திட்டத்தின் விலை 4.65 சதம். மின்சாரத்தின் விலை கொழும்பில் நன்றாகவே பேசப்பட்டது. நிலத்தின் விலையை, அதாவது ஊர் கொடுக்கும் விலையை, யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கு இதே தீவு இல்மனைட் என்ற கனிய மணல். டைட்டேனியம் சாண்ட்ஸ் என்ற அவுஸ்திரேலிய நிறுவனம் பல ஆண்டுகளாக ஆய்வு அனுமதிகளை வைத்துக்கொண்டு இங்கே துளையிட்டு மணலைச் சோதித்து வந்திருக்கிறது. அரச நிறுவனம் நீண்டகாலமாகக் கனிய மணல் எடுக்கும் புல்மோட்டையைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். புல்மோட்டையில் எடுப்பது பருவக்காற்றில் அலை மீண்டும் கொண்டுவந்து குவிக்கும் கடற்கரை மணல். மன்னாரில் குறிவைக்கப்படுவது வீட்டு வளவுக்கும் பனந்தோப்புக்கும் கீழே கிடக்கும் மணல். அதை எடுத்த பிறகு அலை கொண்டுவந்து நிரப்பாது.

எதிர்ப்பக்கத்துப் பெருநிலப்பரப்பிலும் இதே கதைதான். 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்ட விடத்தல்தீவில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 மே மாதம் வர்த்தமானி வந்தது. உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2025 மார்ச்சில் வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் அளவான காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், இல்லையேல் அரச காணி என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. அதற்கும் நீதிமன்றம் தடை விதிக்க, அரசாங்கம் மீளப்பெற்றது. முதலில் வர்த்தமானி, பிறகு வழக்கு, கடைசியில்தான் மக்களோடு பேச்சு. இந்த ஒழுங்கு தலைகீழாக மாற வேண்டும்.

எல்லைக்குச் சற்றுக் கீழே

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த பட்டியல், 50 மெகாவாட்டைத் தாண்டும் புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்களையே சுற்றாடல் மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களாகக் குறிக்கிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடந்தால், மக்கள் கருத்துக்கு 30 வேலைநாள் திறந்துவைக்க வேண்டும். சரியாக 50 மெகாவாட் என்றால் அது எல்லையைத் தாண்டவில்லை; 20 மெகாவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தனித்தனியே எடுத்தால் இரண்டும் சிறிய திட்டங்கள். தம்பபவனியோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: 44 காற்றாலைகள், 173.5 மெகாவாட், ஒரே சிறு தீவில். வெள்ளமும் பறவையும் மீனும் இந்த மொத்தத்தைத்தான் சந்திக்கின்றன.

மாரி பிறந்தால் மக்கள் முதலில் சொல்லும் முறைப்பாடு வெள்ளம். தட்டையான இந்தத் தீவில் மழைநீர் பள்ளங்களையும் வாய்க்கால்களையும் பிடித்தே கடலுக்கு ஓடும். கனரக வாகனங்களுக்காக மண் நிரப்பி உயர்த்திய வீதி ஒன்று குறுக்கே விழுந்தால், போதிய மதகு இல்லாத இடத்தில் தண்ணீர் குடிமனைக்குள்தான் நிற்கும். தென்கரை மீனவர்கள் கரைவலைப் பாடுகளும் வாடிகளும் நெருக்கப்படுவதையும், கரையோர மீன்பாடு குறைந்ததையும் சொல்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் கிடக்கும் தீவு இது. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். இவற்றில் எந்த முறைப்பாடு எவ்வளவு சரி என்பதைத் தீவு முழுவதையும் ஒன்றாக எடுத்து ஆராய்ந்தால்தான் சொல்ல முடியும். அப்படி ஆராயாமல் மக்களின் பேச்சை வதந்தி என்று ஒதுக்குவது நியாயமல்ல.

அரசாங்கத்தின் பக்கமும் இருக்கிறது. 2022இல் நாடு 13 மணி நேரம் வரை இருளில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது தேசிய இலக்கு. மன்னார் மக்களும் காற்று மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை; குடிமனை நெருக்கமான தீவை விட்டுப் பெருநிலப்பரப்பில் பொருத்தமான இடம் பாருங்கள் என்கிறார்கள். அந்த மாற்று இடங்களை ஆராய்ந்த அறிக்கையை அரசாங்கம் தமிழில் மக்கள் முன் வைக்கட்டும்.

முடிவெடுப்பது யார்?

வீட்டைச் சுற்றி மதில் கட்டவும் உள்ளூராட்சிச் சபையிடம் அனுமதிக்கு நிற்கும் ஊர் இது. நூறு மீற்றரைத் தாண்டி உயரும் காற்றாலைக்கோ கொழும்பில் முடிவாகிறது. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. 13ஆவது திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. காணியைப் பற்றிப் பேச மாகாண மட்டத்தில் தெரிவான ஒருவரும் இல்லாத நிலையில்தான் இந்த 14 காற்றாலைகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒன்று: தீவு முழுவதற்குமான ஒட்டுமொத்தத் தாக்க மதிப்பீடு. காற்றாலை, கனிய மணல், இறால் பண்ணை, வீதி எல்லாம் அதற்குள் வர வேண்டும். அறிக்கை தமிழில் பிரதேச செயலகத்தில் கிடைக்க வேண்டும். ஊர்களில் பகிரங்க விசாரணை நடக்க வேண்டும். அது முடியும்வரை எந்தப் புதிய அனுமதியும் கூடாது.

இரண்டு: அடுத்த மாரிக்கு முன் வடிகால் வரைபடம். மறிபட்ட நீரோட்டங்களில் மதகு போடும் செலவை மின்சார சபையும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும்.

மூன்று: சட்டவலுவுள்ள நிலப்பயன்பாட்டுத் திட்டம். குடிமனை, கிணறு, பாடசாலை, சேமக்காலை, மையவாடி, பனங்காணி, இறங்குதுறை, கரைவலைப் பாடு ஆகியவை அதில் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். வீட்டுக்கும் காற்றாலைக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்கு: கனிய மணல் ஆய்வு அனுமதிகள் எந்தக் கிராம அலுவலர் பிரிவில், யார் பெயரில், எந்தத் திகதிவரை என்பது பகிரங்கமாக வேண்டும். தீவுக்குள் அவை புதுப்பிக்கப்படக் கூடாது.

ஐந்து: இணக்கம் பெறும் நடைமுறை. முன்னறிவித்தல், கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் கூட்டம், இரகசிய வாக்கு, உள்ளூராட்சிச் சபையின் தீர்மானம். நிறுவனத்தின் செலவில் நடக்கும் கூட்டம் இணக்கமாகக் கொள்ளப்படாது. 50 மெகாவாட் எல்லையும் தீவுகளுக்கும் கரையோரத்துக்கும் பொருந்தாது எனத் திருத்தப்பட வேண்டும்.

மக்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தரகர் நல்ல விலை சொல்கிறார் என்று பனங்காணியை எழுதிக்கொடுக்குமுன், வாங்குபவர் யாருக்காக வாங்குகிறார் என்று விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால், தருவதா மறுப்பதா என்று 14 வேலைநாளுக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். மீனவர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் தத்தம் ஊர் பற்றிய அனுமதிகளைக் கேட்டுத் தனித்தனியே விண்ணப்பம் போடலாம்.

மன்னாரையும் உள்ளடக்கிய வன்னித் தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் இந்த ஐந்தையும் அடுத்த மன்னார் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுத்துமூலத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்பது கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போது மக்கள் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள்.