உரிமம் முடிவான பின்பா கருத்துக் கேட்பது?



‘அணு உரிமம் வல்லுநர் தீர்மானிக்க வேண்டியது, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அங்கே என்ன வேலை?’ என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். புக்கிட் மேராவை அவர் மறந்துவிட்டார் போலும்.

ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1982-இல் இயங்கத் தொடங்கிய அரிய மண் ஆலையின் கழிவில் தோரியம் இருந்தது. மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றனர். 1993-இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றனர். ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுப் பணி அதன்பின் பல ஆண்டுகள் நீண்டது. தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இத்தனை அலைச்சல் எதற்கு?

பாடம் கற்றோமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்துத் தாதுச்செறிவைக் குவாந்தானை அடுத்த கெபேங்கில் பிரித்தெடுப்பது லைனஸ் ஆலை. அத்தாதுவிலும் தோரியம் உண்டு. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். கட்டுமானம் பெரும்பாலும் முடிந்த பின்னரே, 2012 ஜனவரியில், தற்காலிக உரிம விண்ணப்ப ஆவணங்கள் சில அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பார்வைக் காலம் முடிந்த சில நாள்களிலேயே, பிப்ரவரித் தொடக்கத்தில், ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. ஒரு வகுப்பின் கட்டுரைகளைத் திருத்தவே எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது!

2011-இல் வந்த அனைத்துலக அணுசக்தி நிறுவனக் குழு, பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு நெறிகளுக்கு மாறான எதையும் காணவில்லை என்றது. உண்மை, மறுக்கவில்லை. மக்களிடம் இன்னும் வெளிப்படையாகப் பேசுமாறும் அதே குழு பரிந்துரைத்தது. மேடைகளில் நம் காதில் விழுந்தது முதற்பாதி மட்டுமே.

அணு வாணிகம் அரசுகளின் கமுக்கம் என்பாரும் உளர். தாராப்பூர் அணுமின் நிலையத்திற்கு எரிபொருள் ஏற்றுமதி செய்யும் உரிமம் பற்றி 1976-இல் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணையே நடத்தியது. ஏற்றுமதி உரிமத்தில் மக்கள் பங்கேற்பதற்கு விதிகள் வகுக்குமாறு 1978-இல் அந்நாட்டுச் சட்டமும் பணித்தது. 1980-இல் ஆணையம் உரிமம் மறுத்தும் அதிபர் கார்ட்டர் எரிபொருளை அனுப்பினார் என்பது வேறு கதை. ஆனால் காரணங்கள் ஊரறியப் பேசப்பட்டன அன்றோ?

இங்கோ, 2023 பிப்ரவரியில், கதிரியக்கம் கொண்ட தாதுச்செறிவின் இறக்குமதி ஜூலையோடு நிற்க வேண்டுமென்றார்கள். அக்டோபரில் 2026 மார்ச் வரை தொடரலாமென்றார்கள். இவ்விரண்டுக்கும் இடையே பாலோக் பெற்றோர் எவரைச் சென்று கேட்பது?

விண்ணப்பம் முழுமையாக, நம் மக்கள் படிக்கும் மொழிகளில், ஆலைக்கு அடிக்கல் நாட்டுமுன் வரவேண்டும். ஒவ்வோர் எதிர்ப்புக்கும் எழுத்தில் விடை வேண்டும். நண்பருக்கும் இதனையே எழுதியனுப்பினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.