தேவைப்படும் நாளில் தேடினால் கிடைக்காத வாசகர்

2018 ஜூலைத் தொடக்கத்தில் இந்திய நாளிதழ்கள் பலவும் ஒரே செய்தியை வெளியிட்டன: இந்தியாவில் 19,500-க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் பேசப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகள் அப்போதுதான் வெளிவந்திருந்தன. செய்தியாளர்கள் எண்ணைத் தவறாக எடுக்கவில்லை. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைத்தான் தவறவிட்டார்கள். கணக்கெடுப்பாளரிடம் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்களை அப்படியே எண்ணினால் வருவது 19,569. ஒரே மொழிக்கு வட்டாரந்தோறும் வழங்கும் வேறுவேறு பெயர்கள், எழுத்துக்கூட்டல் மாறுபாடுகள், மொழியின் இடத்தில் சொல்லப்பட்ட ஊர்ப்பெயர்கள், சாதிப்பெயர்கள் எல்லாம் அதில் அடக்கம். மொழியியல் ஆய்வுக்கு உட்படுத்தியபின் எஞ்சியவை 1,369 தாய்மொழிகளும் வகைப்படுத்த இயலாத 1,474 பெயர்களும். பத்தாயிரமும் அதற்கு மேலும் பேசுவோரைக் கொண்டவை என்று வரையறுத்தால் 270 தாய்மொழிகள். அவற்றைத் தொகுத்தால் 121 மொழிகள். இவ்வளவும் 19,569 என்ற எண் இடம்பெற்ற அதே ஆவணத்தில் இருந்தது.

அதே அட்டவணையில் இன்னொன்றும் இருந்தது. இந்தி பேசுவோர் 52.8 கோடி என்பது எல்லோருக்கும் தெரிந்த எண். தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் அதில் 32.2 கோடியினர் மட்டுமே. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட போஜ்புரி பேசுவோரும், சத்தீஸ்கரி, மகஹி, ராஜஸ்தானி எனப் பதிவு செய்தவர்களும் அந்தப் பெருந்தொகைக்குள் சேர்க்கப்பட்டவர்கள்.

மொழியியல் முதுகலை படித்த எவரும் பத்து வரிகளில் விளக்கக்கூடிய செய்தி இது. சிலர் ஆங்கிலத்தில் விளக்கவும் செய்தார்கள். எனினும் 19,500 என்ற எண் இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் பெருமிதத்தோடு உலவுகிறது. விளக்கத் தெரிந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அவர்கள் சொல்லைக் கேட்பதற்கென்று அந்த வாரத்தில் யாரும் காத்திருக்கவில்லை. வாசகர் என்பவர் செய்தி வெடிக்கும் நாளில் கூட்டிச் சேர்க்கத்தக்கவர் அல்லர். அதற்கு முன் நான்கைந்து ஆண்டுகள் ஒருவர் சிறுசிறு ஐயங்களுக்குப் பொறுமையாக விடையளித்து வந்திருந்தால் மட்டுமே, பெரிய ஐயம் எழும்போது மக்கள் அவர் பக்கம் திரும்புவார்கள்.

இணையத்தில் வாசகர்களைப் பெருக்குவது எப்படி என்று ஆய்வாளர்களுக்குக் கற்பிக்கும் பயிலரங்குகள் இப்போது பல்கலைக்கழகங்களில் மலிந்துவிட்டன. எந்த நேரத்தில் பதிவிட வேண்டும், எத்தனை குறிச்சொற்கள் சேர்க்க வேண்டும், முகப்புப் படம் எப்படி அமைய வேண்டும் என்பனவே அங்கே பெரும்பாலும் பேசப்படுகின்றன. சோப்பு விற்பவருக்கு இவை பயன்படலாம். இவற்றின் அடிப்படைப் பிழை, வாசகரை எண்ணிக்கையாகக் கொள்வது. கல்வி நிறுவனங்களும் அப்படித்தான் கொள்கின்றன. 2019 ஜூலையில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஒவ்வொரு நிறுவனமும் சமூக ஊடகப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். நிறுவனத்தின் நற்செயல்களைத் தொடர்ந்து பரப்ப வேண்டும். மாணவர்களின் கணக்குகளை நிறுவனத்தின் கணக்கோடும் அமைச்சகத்தின் கணக்கோடும் இணைக்க வேண்டும். எதிர்ப்பு எழுந்ததும், இணைப்பது அவரவர் விருப்பம் என்று விளக்கமளிக்கப்பட்டது. கட்டளையால் திரட்டப்படும் பின்தொடர்வோர் எதைப் படிப்பார்கள் என்ற கேள்வி அந்த உரையாடலில் எங்கும் எழவில்லை.

மாற்று வழி உண்டு என்பதற்கு மொழியியல் துறையிலேயே தெளிவான சான்று இருக்கிறது. 2003-இல் மார்க் லிபர்மனும் ஜெஃப்ரி புல்லமும் தொடங்கிய ‘லாங்குவேஜ் லாக்’ என்னும் வலைப்பதிவு அது. ஆங்கிலத்தில் ‘ஏகார்ன்’ என்னும் ஓக் மரக் கொட்டையின் பெயரை ஒருவர் ‘எக் கார்ன்’ என்று எழுதியதைப் பற்றி அவ்வாண்டு அதில் ஒரு சிறு குறிப்பு வந்தது. கேட்ட ஒலியைத் தமக்குப் பொருள்படும் சொற்களாகப் பிரித்துக்கொள்ளும் இவ்வகைப் பிழைக்குத் தனிப்பெயர் இல்லையே என்ற கேள்வி எழ, அந்தப் பிழையையே வகையின் பெயராக வைத்துவிடலாம் என்றார் புல்லம். வாசகர்கள் தாம் கண்ட எடுத்துக்காட்டுகளை அனுப்பத் தொடங்கினார்கள். அவற்றைத் திரட்டத் தனித் தரவுத்தளமே உருவாயிற்று. 2015-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் அச்சொல் இடம்பெற்றது. இங்கே வாசகர்களைப் பெருக்க எந்த உத்தியும் கையாளப்படவில்லை. வாசகரிடமிருந்து பெற ஆய்வாளருக்கு ஏதோ இருந்தது. அது வாசகருக்கும் புரிந்தது. தாம் காதால் கேட்ட ஒரு பிழை ஆய்வுக்குப் பயன்படும் என்று அறிந்தவர் மறுநாளும் வருவார். விருப்பக்குறி இட்டு நகர்ந்தவர் வருவார் என்பதற்கு உறுதியில்லை.

இந்திய மொழிகளில் இத்தகைய வேலைக்குக் களம் எவ்வளவு விரிந்தது என்பதைத் தமிழிலேயே காணலாம். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது பிழை, ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதே சரி என்று ஓயாமல் சுற்றிவரும் பதிவுகளைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதில் கழுதையே இல்லை, அது கழு என்னும் கோரைப் புல்லைத் தைத்த பாய் என்கிறது இன்னொன்று. பழமொழிக்கு ‘உண்மைப் பொருள்’ கூறும் இப்பதிவுகளுக்குக் கிடைக்கும் வாசகர் கூட்டம், தமிழகத்தின் எந்த மொழியியல் இதழுக்கும் கிடைத்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். பேராசிரியர்கள் இவற்றைக் கண்டு சிரித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். ஆனால் இவை காட்டுவது சொல்லின் பிறப்பை அறியும் பசியை. 19-ஆம் நூற்றாண்டிலேயே பழமொழித் தொகுப்புகள் அச்சேறியிருக்கின்றன. பெர்சிவல் 1874-இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றைத் திறந்து, இந்தப் பழமொழி அன்று எவ்வடிவில் பதிவாகியிருக்கிறது, ‘திருத்தப்பட்ட’ வடிவம் எங்கேனும் தென்படுகிறதா என்று வாரம் ஒன்றாகக் காட்டினால் போதும். வாசகர் தம் பாட்டி சொன்ன வடிவத்தை எழுதுவார். அதுவே தரவாகும். கூடவே, சான்று என்பது எப்படி இருக்கும் என்ற பழக்கமும் இரு தரப்புக்கும் ஏற்படும்.

எந்த மொழியில் எழுதுவது, எந்த நடையில் எழுதுவது என்பது அடுத்த தடை. இந்திய ஆய்வாளர் பலரின் இணைய எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு: நேர்காணல் குழுவினர் படிப்பது ஆங்கிலம், அயல்நாட்டுப் பேராசிரியர் படிப்பது ஆங்கிலம். அந்த வாசகர் கூட்டம் உண்மையில் சக ஊழியர்களின் வட்டமே. தாய்மொழியில் எழுதத் துணிபவரோ ஆய்வேட்டின் நடையை அப்படியே கொண்டுவந்து இறக்குகிறார். இச்சிக்கலை வங்காளம் நூறாண்டுகளுக்கு முன்பே பொதுவெளியில் வாதிட்டுத் தீர்க்க முயன்றது. 1914-இல் பிரமத சௌதுரி ‘சபுஜ் பத்ர’ இதழைத் தொடங்கி, பேச்சுக்கு நெருங்கிய சலித நடையே எழுத்துக்கும் உரியது என்று வாதிட்டார். தாகூரும் அந்நடைக்கு வந்தார். ஆழ்ந்த கருத்துக்குச் செவ்வியல் சாது நடையே தகும் என்று எண்ணியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். முன்னணி நாளிதழான ‘ஆனந்தபஜார் பத்ரிகா’ சலித நடைக்கு முழுமையாக மாறியது 1965-இல்தான். அரை நூற்றாண்டு பிடித்தது. இன்று வலைப்பதிவு எழுதும் ஆய்வாளரும் அதே முடிச்சைத் தம் அளவில் அவிழ்த்தாக வேண்டும். (உயர்நடையிலேயே வாசகரைத் தக்கவைத்துக்கொண்டவர்களும் உண்டு. நடை எதுவாயினும், முதல் பத்தியில் கலைச்சொல் நான்கு வந்தால் வாசகர் நகர்ந்துவிடுவார்.)

மொழியைத் தேர்ந்தபின்னும் களம் சமமாக இல்லை. ட்விட்டர் 2017-இல் எழுத்து வரம்பை 280 ஆக உயர்த்தியபோது வகுத்த எண்ணும் முறையைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதில்லை. ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணுகிறது. ‘மொழியியல்’ என்பது தமிழருக்கு ஐந்து எழுத்து, அம்முறைக்கு ஒன்பது. இதைவிடப் பெரிய இழப்பு சந்தாளி எழுதுவோருக்கு. ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்துகள் ஒருங்குறி அட்டவணையில் 2008-இல் இடம்பெற்றன. அவற்றுக்குக் கிடைத்த இடம் அட்டவணையின் பிற்பகுதியில். அந்த ஒரே காரணத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாக எண்ணப்படுகிறது. தேவநாகரியில் எழுதுபவருக்கு 280 கிடைக்க, ஒல் சிக்கியில் எழுதுபவருக்குக் கிடைப்பது 140. மணிப்புரியை மெய்தெய் மயெக்கில் எழுதுபவருக்கும் இதே கதி. அதே மொழியை வங்காள எழுத்தில் எழுதினால் முழு வரம்பும் உண்டு. யாரும் திட்டமிட்டுச் செய்த ஓரவஞ்சனை அன்று இது. ஆயினும் ஒரு சமூகம் தன் எழுத்தைத் தேர்ந்ததற்குச் செலுத்தும் வரி இது. இத்தனைக்கும் இடையில் 2018-இல் சந்தாளி விக்கிப்பீடியா தொடங்கப்பட்டது. அங்கே வரம்பும் இல்லை, விருப்பக்குறியும் இல்லை. எழுதியது தேடுபொறியில் கிடைக்கும்.

தேடினால் கிடைப்பது என்பது சிறிய செய்தியன்று. ‘சோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. இந்திய மொழிகளில் எழுதப்பட்டவற்றுள் பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. அல்லது ஒளிவருடப்பட்ட படங்கள். அவற்றின் உள்ளே இருப்பது எந்தத் தேடுபொறிக்கும் எட்டாது. ஐந்தாண்டு உழைப்பின் சாரத்தை ஒருங்குறியில் மூன்று பக்கமாக எழுதி ஒரு வலைப்பதிவில் இடுவது, ஆய்வாளர் தமக்குச் செய்துகொள்ளக்கூடிய மலிவான உதவி. அதைச் செய்பவர் மிகச் சிலர்.

வலைப்பதிவு என்று இங்கே குறிப்பிடுவது ஏதோ பழைய காலத்து ஏக்கத்தால் அன்று. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றபோது வலைப்பதிவுகளின் வாசகர்கள் பலர் வழி தவறிப் போனார்கள். 2020 ஜூன் 29 இரவு 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தபோது, டிக்டாக்கில் லட்சக்கணக்கான பின்தொடர்வோரை வைத்திருந்த சிற்றூர்க் கலைஞர்கள் மறுநாள் காலையில் ஒருவரிடமும் விடைபெறக்கூட முடியாமல் நின்றார்கள். பிறர் நிலத்தில் கட்டிய வீட்டின் நிலை அது. இன்றைய முகநூல் எழுத்தாளர் ‘இணைப்பு முதல் பின்னூட்டத்தில்’ என்று எழுதுவதும், நிலக்கிழார் கண்ணில் படாமல் வாசகரை வெளியே அழைத்துச் செல்லும் முயற்சிதான். ஆய்வாளர் சமூக ஊடகத்தைக் கைவிட வேண்டியதில்லை. கட்டுரை தம் வலைப்பதிவில் இருக்கட்டும். சமூக ஊடகம் வழிகாட்டிப் பலகையாக இருக்கட்டும். விரும்புவோரின் மின்னஞ்சல் முகவரிகளை ஒரு பட்டியலாகத் தாமே வைத்துக்கொள்வது அதைவிட உறுதியானது. இருநூறு முகவரிகள் கொண்ட பட்டியலை எந்தப் படிமுறையும் மறைக்க முடியாது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நேர்மையான மறுப்பு. உதவித்தொகை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே. பதவி உயர்வுக்கான மதிப்பெண் கணக்கில், நூறு பேர் படித்த வலைப்பதிவுக் கட்டுரைக்கு யாரும் படிக்காத இதழ்க் கட்டுரைக்குரிய இடம் இல்லை. நெறியாளர் பலருக்கு மாணவர் இணையத்தில் எழுதுவது வீண்வேலை, சிலருக்கு அடக்கமின்மை. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் எழுதினால் கருத்துக்கு வராத எதிர்வினை பிறப்புக்கும் உடைக்கும் வரும். வாசகர் பெருகப் பெருக அதுவும் பெருகும். இவற்றை மறைத்துவிட்டு, எழுதுங்கள் வளர்வீர்கள் என்று மேடையில் முழங்குவது பொறுப்பற்ற செயல். வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஒதுக்காதிருப்பதும், பூசலுக்கு விடையளிக்க மறுப்பதும் ஆய்வாளரின் உரிமை. அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தம் ஆய்வைப் பொதுவாசகருக்கு எழுதினால் பரிசு தரும் ‘அவ்சர்’ திட்டத்தை அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் தொடங்கியது. பரிசு நல்லதே. மதிப்பீட்டுக் கணக்கில் இத்தகைய எழுத்துக்கு ஓர் இடம் கிடைப்பது அதைவிட நல்லது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011-இன் மொழி அட்டவணை வெளிவர ஏழாண்டுகள் ஆயின. இம்முறை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் தலைப்புச் செய்தி ஒரே நாளில் வந்துவிடும். அதற்கு வெகுமுன்பே, கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று தாய்மொழி எது என்று கேட்பார். சப்ராவில் போஜ்புரி பேசும் குடும்பமும், மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பமும், நீலகிரியில் படுக மொழி பேசும் குடும்பமும் அந்தக் கட்டத்தில் எந்தப் பெயரைச் சொல்வது, சொன்னபின் அது எந்தத் தலைப்பின் கீழ் போய்ச் சேரும் என்று யாரிடமேனும் கேட்க விரும்பலாம். அவர்கள் மொழியில், அவர்கள் தேடினால் கிடைக்கும் இடத்தில், அதற்கான மூன்று பக்கங்களை இப்போதே எழுதி வைக்க முடியும்.