மண்மேட்டைத் தொடும் முன் மருத்துவரை அமர்த்துங்கள்

பெறுநர்:
மாண்புமிகு ஜி. கிஷன் ரெட்டி அவர்கள்,
ஒன்றிய நிலக்கரி மற்றும் சுரங்கத்துறை அமைச்சர்,
புதுதில்லி.

ஐயா,

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவன் நான். சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீடுகளில் வளர்ந்து, மருத்துவம் படித்து, இப்போது ஒசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். வேலையால் வரும் நோயைக் கண்டுபிடிப்பதும் அது வராமல் தடுப்பதும் என் தொழில். அந்தத் தகுதியில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை உங்கள் அரசின் திட்டம் ஒன்றுக்கு இசைவு தந்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம், அதாவது எங்கள் வாயில் வழங்கும் பிஜிஎம்எல், விட்டுப்போன 13 கழிவு மண்மேடுகளை மறுபடி அரைத்து, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுப்பது அந்தத் திட்டம். பரப்பு 1,003 ஏக்கர். மண் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். வேலைக்காக விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறி, பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் ஊர் இது. சொந்த ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்றால் அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வராது. நான் கேட்பது வேலையின் வரிசையைப் பற்றி மட்டும். மண்வாரி இயந்திரம் வருவதற்கு முன் மருத்துவர் வரவேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த மேடுகளை ஊரார் சயனைடு மலை என்பார்கள். தங்கத்தைக் கரைத்தெடுக்கப் பயன்பட்ட சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடக் கூடியது. சிதையாமல் கிடப்பது சிலிக்கா, அதாவது படிகக்கல்லின் தூள். தங்கவயலின் தங்கம் படிகக்கல் நரம்புகளில் இருந்தது. அந்தக் கல்லை ஆலையில் மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழம்பாகக் கொட்டி உலரவிட்டதே இந்த மேடுகள். கண்ணில் விழுந்து உறுத்தும் மணலை உடம்பு வெளியே தள்ளிவிடும். கண்ணுக்கே தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். அதை விழுங்க வரும் காவல் செல்கள் செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு கட்டும். தழும்பு பரவப் பரவ மூச்சு குறையும். இதுதான் சிலிகோசிஸ். பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு கழித்தே அது வெளியே தெரியும். தூசு வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். போன நுரையீரலைத் திருப்பித் தரும் மருந்து கிடையாது. போதாததற்கு, இந்த நுரையீரலில் காசநோயும் எளிதாகக் குடியேறும்.

இதெல்லாம் இந்தியாவுக்குத் தெரியவந்த இடமே எங்கள் ஊர்தான், ஐயா. 1940-இல் மைசூர் அரசு சிலிகோசிசை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்று விதிகள் வகுத்தது. அந்த ஆண்டில் தொடங்கி 1946 வரை தங்கவயல் சுரங்கங்களில் 7,653 தொழிலாளிகள் பரிசோதிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. 1947-இல் கேப்லன், பர்டன் என்ற இருவர் எழுதிய அறிக்கையே இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் பதிவு என்று இன்றும் பாடநூல்கள் சொல்கின்றன. அதே கேப்லன், ஆழச் சுரங்கத்தின் வெக்கையில் தொழிலாளிகள் மயங்கி விழுவதை ஆராய்ந்து 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, கைவைத்தால் சுடுகிற பாறைக்கு நடுவே வேலை செய்தவர்கள் வழியாகத்தான், மனித உடம்பு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்ற கேள்விக்கும் மருத்துவ உலகம் விடை தேடியது.

அந்த 7,653 பேரில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மருத்துவத்துக்கு அவர்கள் தந்தது தங்கள் மார்புப் படத்தை. அறிவு வெளியூர் போய்விட்டது. இருமல் இங்கேயே தங்கிவிட்டது.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. உங்கள் அமைச்சகத்தின் கோப்புகளிலேயே இதற்குச் சான்று உண்டு. 1990-இல் சுரங்கத் தொழிலாளர் நலனுக்கென ஒரு தேசிய நிறுவனம் உங்கள் அமைச்சகத்தின் கீழ் உருவானது. அதன் பதிவு அலுவலகம் இருந்த ஊர் தங்கவயல். பிறகு அதன் வேலைகள் நாக்பூருக்குப் போயின. 2019-இல் ஒன்றிய அமைச்சரவை அந்த நிறுவனத்தையே கலைத்து, அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்தோடு இணைத்தது. 1988-இல் இங்கே தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் தலைமையும் பெங்களூருக்கு நகர்ந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. சுரங்கத்தாரின் பெரிய மருத்துவமனையும் அதோடு பூட்டப்பட்டது. நிர்வாகக் கணக்கில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நாட்டிலேயே அதிக ஆண்டுகள் பாறைத்தூளைச் சுவாசித்த ஊர்களில் ஒன்றில் அந்தத் தூசைப் பற்றிக் கேட்க ஒரு மருத்துவ இருக்கை கூட இல்லாமல் போனது.

இருக்கை என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். எங்கள் துறைக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று மாநாடுகளில் ஆண்டுதோறும் வருத்தப்படுகிறோம். எம்.பி.பி.எஸ். படிப்பில் தொழில்நலம் என்பது சமூக மருத்துவப் பாடத்தில் வந்து போகும் ஒரு பகுதி. அதற்குப் பிறகு இந்தியாவில் இந்தத் துறைக்கு வருகிறவர்களில் மிகப் பலர் நுழைவது ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதப் படிப்பு வழியாக. மும்பை மத்தியத் தொழிலாளர் நிலையம், சென்னை வட்டாரத் தொழிலாளர் நிலையம் போன்ற இடங்களில் அதைக் கற்பிக்கிறார்கள். ஆபத்தான செய்முறை நடக்கும் தொழிற்சாலைகளுக்கு இத்தகைய தகுதி பெற்ற மருத்துவர் வேண்டும் என்று விதி சொல்வதால்தான் அந்தப் படிப்புக்கு ஆள் வருகிறது. சட்டம் எங்கே ஒரு பதவியை உண்டாக்குகிறதோ அங்கேதான் மருத்துவர் உண்டாகிறார். பெரிய ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், கார்க் கம்பெனி ஆகியவற்றில் பதவி உண்டு, ஆகவே மருத்துவர் உண்டு. கல்குவாரியில், கல் அரைக்கும் பட்டறையில், மூடிப்போன சுரங்கத்தின் ஊரில் பதவி இல்லை, ஆகவே மருத்துவரும் இல்லை. நோய் இருப்பது இந்த இரண்டாவது பட்டியலில்.

பதவி இல்லாததன் விலையை நோயாளி கொடுக்கிறார். இருமலோடும் இளைத்த உடம்போடும் வரும் முதியவருக்கு நம் ஊர் மருத்துவமனைகளில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் படத்தில் நிழலைப் பார்த்து மாத்திரை தொடங்கிவிடுவது உண்டு. “முன்னே என்ன வேலை பார்த்தீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும். எந்தச் சுரங்கம், எத்தனை வருடம், டிரில்லரா, டிம்பர்மேனா, மில்லில் இருந்தாரா, ஈரத் துளையிடலா உலர் துளையிடலா? இந்தக் கேள்விகளைக் கேட்கவும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த மாதிரிப் படங்களோடு மார்பு எக்ஸ்ரேயை ஒப்பிட்டு நிழலைத் தரம் பிரிக்கவும், ஊதச் சொல்லி மூச்சின் அளவைக் கணக்கிடவும் தனிப் பயிற்சி வேண்டும். அப்படிப் பயின்ற ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் நோய் சட்டத்தின் கண்ணில் நோயாகும். இழப்பீட்டின் கதவு அதற்குப் பிறகே திறக்கும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணிப் பாதுகாப்புத் தொகுப்பில், குறிப்பிட்ட வயதுப் பணியாளர்களுக்கு இலவச ஆண்டுப் பரிசோதனைக்கு வழி இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் பணியாளர் என்பவர் இன்று வேலையில் இருப்பவர். 2001-இல் கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர் யாருடைய பணியாளர்? சிலிகோசிசோ இருபது ஆண்டு கழித்து வருகிற நோய். சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில்தான் அது கண்ணைத் திறக்கிறது.

இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களும் நம்மைப்போல ஆழமானவை, படிகக்கல் தூசு நிறைந்தவை. அங்கே சுரங்கத் தொழிலாளிகள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டை 2019-இல் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஏற்றது. அதன்படி ஷியாமிசோ அறக்கட்டளை அமைந்தது. 1965 மார்ச் முதல் அந்த நிறுவனங்களின் சுரங்கங்களில் வேலை செய்தவர்களை, லெசோத்தோ போன்ற பக்கத்து நாடுகளில் இருந்தாலும் தேடிப் பரிசோதித்து இழப்பீடு தருவது அதன் வேலை. நம் நாட்டிலேயே ராஜஸ்தான் 2019-இல் தூசு நுரையீரல் நோய்களுக்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத ஓய்வூதியம் என்று அதில் வகுத்தார்கள். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சிலிகோசிஸ் இழப்பீட்டைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. நோய் முதலில் பதிவான ஊர் மட்டும் வரிசையின் கடைசியில் நிற்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, மண்மேட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலேயே மருத்துவத்தை எழுதுங்கள். முதல் லாரி நகர்வதற்கு முன், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பகுதிகளின் காற்றில் சிலிக்கா எவ்வளவு என்று அளந்து பதிவு செய்யவேண்டும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும், மேட்டை ஒட்டி வாழ்பவர்களில் விரும்பும் எல்லோருக்கும், மார்புப் படமும் மூச்சளவும் எடுக்கவேண்டும். தொடக்கக் கணக்கு இல்லாவிட்டால் இருபது ஆண்டு கழித்து “இது எங்கள் தூசு இல்லை” என்று யாரும் சொல்லிவிடலாம். ஒப்பந்தக்காரரின் கீழ்க் கூலிக்கு வருபவரும் இந்தக் கணக்கில் சேரவேண்டும். லாரி ஓட்டுபவரையும் மேட்டில் தண்ணீர் தெளிப்பவரையும் விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு பாதிக் கணக்கு.

இரண்டு, முன்னாள் தொழிலாளிகளுக்கு வாழ்நாள் பரிசோதனை. பிஜிஎம்எல் உங்கள் அமைச்சகத்தின் நிறுவனம். அதன் பணிப் பதிவேடுகளும் மருத்துவப் பதிவுகளும் எந்த அறையில், எந்த நிலையில் கிடந்தாலும், அவற்றைக் காப்பாற்றி ஒழுங்குபடுத்த உத்தரவிடுங்கள். வேலை பார்த்ததற்குச் சான்று இல்லாததால் நோய்க்குச் சான்று கிடைக்காமல் போகக்கூடாது.

மூன்று, இங்கே ஒரு தொழில்நல மருத்துவ மையம். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் தேசியத் தொழில்நல நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அதன் கிளையாக இரண்டு மருத்துவர், ஒரு தூசு அளவைத் தொழில்நுட்பர், ஒரு செவிலியர், ஒரு எக்ஸ்ரே கருவி என்று தொடங்கலாம். கட்டடத்துக்கும் பஞ்சமில்லை. இருபது ஆண்டு பூட்டிக் கிடந்த பிஜிஎம்எல் மருத்துவமனையை 2021 கொரோனா அலையில் ஊர்க்காரர்களே திரண்டு துடைத்துக் கழுவிச் சிகிச்சை மையமாக்கிக் காட்டினார்கள். பணத்துக்கும் வழி உண்டு. 2015-இல் சட்டமான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சுகாதாரம் முன்னுரிமைத் துறைகளில் ஒன்று.

மூன்றாவது கோரிக்கைதான் என் துறைக்கு நெருக்கமானது. அந்த மையத்தில் பயிற்சி இடங்களும் ஒதுக்குங்கள். மூன்று மாதப் படிப்புக்கு வரும் இளம் மருத்துவர், படத்தில் மட்டும் பார்த்த நோயை இங்கே ஆளாகப் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் மருத்துவம் படித்தவர்கள் இருக்கிறார்கள். செவிலியர்களும் ஆய்வகத் தொழில்நுட்பர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் அன்றாடம் பெங்களூர் ரயிலில் போய்வருகிறார்கள். பதவி என்று ஒன்று இங்கே இருந்தால், தாத்தாவின் மார்புப் படத்தைப் பேரன் படிக்கும் வாய்ப்பு வரும். அதைவிடப் பொருத்தமான வேலைவாய்ப்பைத் தங்கவயலுக்கு யார் தரமுடியும்?

இது ஊருக்குக் காட்டும் கருணை என்று நான் கேட்கவில்லை. மண்மேட்டில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கும் தங்கத்தைக் கூட விடாமல் கணக்கெடுத்து, எடுத்தால் கட்டுபடியாகும் என்று உங்கள் அலுவலர்கள் சொல்லிவிட்டார்கள். அதே மண்ணில் தூசு எவ்வளவு, அது யார் மார்புக்குள் போகும் என்பதையும் அதே கறாரோடு கணக்கெடுங்கள். இரண்டு கணக்கும் ஒரே ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். மருத்துவரின் நியமன ஆணை வெளிவந்த பிறகே பணி தொடங்கலாம் என்று அதில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியை எழுதும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கவயலில் பிறந்த தொழில்நல மருத்துவர் ஒருவர்