தேயிலைக்கும் காவல் வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றனை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். கணக்குகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. பிற்பகலில் நிர்வாகக் குழுவினர் தேநீர் அளித்தனர். ஒரு வாய் பருகியதும் முகம் சுளிக்க நேர்ந்தது. நீலகிரிக் கூட்டுறவுத் தொழிற்சாலை ஒன்றன் தேயிலை அது என்று அறிந்தபோது நம் வருத்தம் இரட்டித்தது. “இத்தேயிலையை இனி வாங்குவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட இருக்கிறோம், ஐயா” என்றார் தலைவர். நாமும் தலையசைத்தோம்; ஆய்வுக் குறிப்பிலும் அவ்வாறே எழுத முனைந்தோம்.

அவ்வேளையில் முதிய உறுப்பினர் ஒருவர், “தேயிலை இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஐயா” என்றார். பார்த்தோம். பட்டுச் சேலைகள் அடுக்கிய பீரோவின் கீழ்த்தட்டில், வாய் பிரித்த பொட்டலம் ஒன்று அந்துருண்டைகளின் நடுவே கிடந்தது! எழுதுகோலை மூடி வைத்தோம். குற்றம் மலைமேல் இருந்த தொழிற்சாலையினுடையதன்று, பீரோவினுடையது. அதனை ஆராயாமலே தீர்ப்பெழுதத் துணிந்தமையால் நம்முடையதுமாம்.

தேயிலையின் இயல்பை நெசவாளருக்கு விளக்குதல் எளிது. மழைக் காலத்தில் நூல் ஈரம் வாங்கி நிறை கூடுவதை அவர்கள் அறிவர். தேயிலையும் அத்தகையதே. கொழுந்தை வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்து, இறுதியில் சூடான காற்றில் உலர்த்துகின்றனர். உலர்ந்து வெளிவரும் தூளில் ஏறத்தாழ 3 விழுக்காடு ஈரமே எஞ்சும். இவ்வளவு வறண்ட பொருள் தன்னைச் சூழ்ந்த ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சாது விடுமா? சீனத்தில் மல்லிகை மலர்களைத் தேயிலையோடு கலந்து வைத்து மணமூட்டுவதும் இவ்வியல்பை நம்பியே. மல்லிகையை ஏற்கும் தேயிலை அந்துருண்டையையும் ஏற்கும். பெருங்காயத்தையும், சவர்க்காரத்தையும், ஊதுவத்தியையும் ஏற்கும்.

ஈரம், காற்று, ஒளி, வெப்பம், பிற மணம் என்னும் ஐந்துமே தேயிலையின் பகைகள். ஆகவே காக்கும் வழியும் எளிதே. இறுக மூடும் எவர்சில்வர்ச் சம்புடமோ தகர டப்பாவோ போதும். கண்ணாடிக் குப்பியாயின் மூடிய அலமாரிக்குள் இருத்தல் வேண்டும். அடுப்பின் மேல்தட்டு கைக்கெட்டும் இடந்தான். எனினும் ஆவியும் சூடும் நாள்தோறும் தாக்கும் இடமும் அதுவே. மிளகாய்த் தூளும் மசாலையும் உள்ள தட்டினை விட்டு விலக்கி வைக்க. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைச் சாய்த்துக் கொட்டுதல் தகாது. உலர்ந்த கரண்டியால் எடுத்து உடனே மூடுக. அன்றாடப் பயனுக்குச் சிறு டப்பா ஒன்றும், மீதியைக் காக்கப் பெரிய டப்பா ஒன்றும் இருப்பின், பெரியது அடிக்கடி திறவாது. பழைய தூளின் மேல் புதியதைக் கொட்டாதீர். பழையதன் கெடுதி புதியதையும் பற்றும்.

குளிர்பெட்டியில் வைப்பது நலமென்று சிலர் எண்ணுகின்றனர். வெளியே எடுத்துத் திறக்கும் போதெல்லாம் குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் படியும். ஆதலின் அது வேண்டா. ஈரம் பட்ட தூளை வெயிலில் காய வைத்தால் ஈரம் போகும். போன மணம் மீளாது. பூசணம் கண்டதையோ எறிந்துவிடுவதே முறை. நன்கு மூடிக் காத்த கறுப்புத் தேயிலை ஓராண்டளவும் நயம் கெடாது. இலையைவிடப் பொடித் தூள் விரைவில் மணமிழக்கும். பச்சைத் தேயிலையும் அவ்வாறே.

“ஏழை வீட்டில் இரண்டு டப்பாவுக்கு எங்கே போவது?” என்று கேட்கக்கூடும். பிஸ்கட்டுத் தகரத்தைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, ஓரிரவு மூடி வைத்து, காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையேல் அதுவே போதும்.

இச்சிறு செய்திக்கு இத்துணைச் சொற்கள் எதற்கு? ஒரு கிலோ தேயிலைக்கு 4 முதல் 5 கிலோ பசுங்கொழுந்து வேண்டும். அட்டை கடிக்கும் ஈரச் சரிவில் நின்று கிள்ளிய கொழுந்து அது. 1962-இல் குந்தாவில் தொடங்கிய முதற் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும், 1965-இல் இத்தொழிற்சாலைகளுக்கென அமைந்த இன்ட்கோசர்வ் இணையமும், சிறு விவசாயி தன் கொழுந்துக்குத் தக்க விலை பெறுதற்கு எழுந்தவை. அவ்வுழைப்பெல்லாம் நம் அடுக்களையில் பாழாகி, “கூட்டுறவுத் தேயிலை இப்படித்தான்” என்ற பழிச்சொல் மட்டும் மலையேறுமாயின், அது நீதியாகுமா? சாயம் போகும்படி துவைத்துவிட்டு நெசவைப் பழிப்பவரை நெசவாளர் பொறுப்பரோ?

பொறுப்பு வீட்டாருக்கு மட்டுமன்று. நம் பண்டகசாலைகள் தேயிலைக்குத் தனித் தட்டு ஒதுக்க வேண்டும். முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். 100 கிராம், 250 கிராம் பொட்டலங்களையே மிகுதியாக வாங்கி வைத்தல் நன்று. தொழிற்சாலைகளோ, காக்கும் முறையினை ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெரிய எழுத்தில், நல்ல தமிழில், இரண்டே வரிகளில் அச்சிட வேண்டும் என்பது நமது துணிபு. மை செலவு அற்பம்; காக்கப்படும் பெயரோ பெரிது.

அந்த நெசவாளர் சங்கத்தில் அத்தீர்மானம் கொண்டுவரப்படவில்லை. தேயிலை மூடியுள்ள டப்பாவுக்கு மாறியது. டப்பா பீரோவை விட்டு வேறு அறைக்கு மாறியது. அடுத்த ஆய்வில் நாம் பருகிய தேநீர் தேநீராகவே இருந்தது. இவ்விதழைப் படித்து முடித்ததும் அன்பர்கள் எழுந்து சென்று தத்தம் வீட்டுத் தேயிலை எங்கே இருக்கிறதென்று ஒருமுறை பார்ப்பார்களாக.